பூச்சாண்டி பல் கடிக்கும் நேரம்

உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, நிம்மதி. கையில் பருப்புசாதக் கிண்ணம், நைட்டியின் தோளில் அவன் துப்பியது, காலடியில் நசுங்கிய உருளைக்கிழங்கு. அப்படியே குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றேன். யாரும் என் முடியைப் பிடித்து இழுக்கவில்லை. யாரும் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு தொங்கவில்லை. மகிழன் உள்ளே, நான் வெளியே, நடுவில் ஒரு தேக்குக் கதவு. இப்படி ஓர் ஏற்பாடு இரண்டரை வருஷமாக யாருக்கும் தோன்றவில்லையே என்றுகூட நினைத்தேன். அவன் பிறந்ததிலிருந்து இதே குளியலறைக்குக் கதவைத் திறந்துபோட்டு, அவனை எதிரே உட்காரவைத்துக்கொண்டு போகிறவள் நான். படுசுட்டி என்பார்கள். வீடே கலகலவென்று இருக்குமே என்பார்கள், கொஞ்ச நேரம் கொஞ்சிவிட்டுத் தங்கள் வீட்டுக்குத் தூங்கப் போகிறவர்கள். பூபதி மருந்துக் கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் சுற்றுகிற மனிதர். போனில் முகத்தைக் காட்டி, "என் சிங்கக்குட்டி இன்னிக்கு என்னத்த உடைச்சான்?" என்று கேட்பார். டிவி ரிமோட், பூஜை மணி, உங்கள் பெண்டாட்டி என்று சொல்ல வாய்வரை வரும். ரிமோட்டோடு நிறுத்திக்கொள்வேன். அவர் சிரிப்பார், பையனும் சிரிப்பான், இரண்டு சிரிப்புக்கும் நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இப்போது கதவுக்கு வெளியே நிற்பதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருந்தது, ஆனால் இதில் ஓர் அமைதி இருந்தது, அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

அவன் விளையாட்டாகப் போய்த் தாழிடவில்லை. பூச்சாண்டிக்குப் பயந்து ஓடினான். பூச்சாண்டியாக வந்தது நான். தினமும் வாயால் மட்டும்தான் மிரட்டுவேன். இன்று வாய் போதவில்லை. நான்கு கவளத்துக்கு மேல் உதட்டை இறுக்கிக்கொண்டான், பிடித்து அழுத்தினால் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான், பார்த்துக்கொண்டே துப்பினான். அந்தப் பார்வையில் ஒரு திமிர். இரண்டரை வயதுக் குழந்தைக்குத் திமிர் இருக்காது என்கிறவர்கள் சோறு ஊட்டிப் பார்க்கட்டும். கிண்ணத்தோடு எழுந்து வாசலுக்குப் போனேன், கதவை வெளிப்பக்கமாகச் சாத்திக்கொண்டு, விரல் முட்டியால் டொக் டொக் டொக் என்று தட்டினேன். தட்டிவிட்டு நானே சத்தமாகப் பதிலும் சொன்னேன். "யாரது, பூச்சாண்டியா? மகிழன் இங்கதான் இருக்கான். சாப்பிட மாட்டேங்கிறான். வந்து தூக்கிட்டுப் போ." உள்ளே ஓடுகிற சின்னப் பாதங்களின் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் உள்ளே வருவதற்குள் குளியலறைக் கதவு சாத்தி, தாழ்ப்பாளும் விழுந்துவிட்டது. மேல் தாழ்ப்பாள் துருப்பிடித்துப் போனபோது பூபதிதான் புதிதாக ஒன்று வாங்கிவந்து, குள்ளச்சிக்கு எட்டட்டும் என்று கேலி செய்தபடி என் இடுப்பு உயரத்தில் அடித்தார். குள்ளச்சிக்கு எட்டுவது குள்ளச்சி பிள்ளைக்கும் எட்டும் என்று இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை.

"மகி, அம்மாடா. கதவைத் தொற." "பூச்சாண்டி போயித்தானா?" "போயிட்டான்டா தங்கம். அம்மா விரட்டிட்டேன். தொற." தாழ்ப்பாளில் அவன் கை உரசுவது கேட்டது. அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அவசரம், கையில் சோறு காய்கிறது, பழக்கதோஷம், கதவைத் தட்டிவிட்டேன். டொக் டொக். அதே விரல், அதே முட்டி, அதே சத்தம். உள்ளே வீலென்று ஒரு கத்தல். "பூச்சாண்டி தட்டுறான். அம்மா, பூச்சாண்டி இக்கான்." "இல்லடா, அம்மாதான் தட்டினேன்." "இல்ல. பூச்சாண்டி." என்ன சொல்லி நம்பவைப்பது? முதலில் தட்டியதும் அம்மாதான், அப்படி ஒருவனே கிடையாது என்றா? அதைச் சொன்னால் இந்தத் தாழ்ப்பாள் திறக்கும். ஆனால் நாளைக்கு? நாளன்றைக்கு? பிள்ளை உள்ளே அழுதுகொண்டிருக்கிறது, நான் வெளியே நின்று பூச்சாண்டியை இழக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்து, சொல்லித்தான் பார்த்தேன். "பூச்சாண்டின்னு யாருமே இல்லடா மகி." அவன் அழுகையை நிறுத்தினான். பிறகு மிகத் தெளிவாகச் சொன்னான். "இக்கான். கீழ இக்கான்."

கீழே இருக்கிறார். அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். கீழ்வீட்டில் இருப்பவர் சொக்கலிங்கம் சார், வீட்டுக்காரர், போஸ்டாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் துபாயில். நாங்கள் குடிவந்த புதிதில் இந்தக் கதவைத் தட்டிக்காட்டி, "இது பிளாஸ்டிக் கதவு இல்லம்மா, தேக்கு. ஆனை வந்து முட்டினாலும் அசையாது" என்று பெருமைப்பட்டவர். அப்போது அவருக்கு முழு முகம் இருந்தது. அப்புறம் மகிழன் பிறந்தான், எட்டு மாதத்திலேயே அவர் தோளில் போய் விழுவான், அவர் மீசையைப் பிடித்து இழுப்பான். சொக்குத் தாத்தா. நான் குளிக்கவும் சமைக்கவும் நேரம் கிடைத்ததென்றால் அந்தத் தோளால்தான். பிறகு அவருக்கு வாயில் ஆறாத புண் வந்தது. திருச்சியில் ஆபரேஷன். திரும்பி வந்தபோது இடது பக்கத் தாடையை எடுத்திருந்தார்கள். கன்னம் உள்ளே ஒட்டி, கண்ணின் கீழ் இமை இழுபட்டு, சிவப்பாகத் திறந்தபடி நின்றது. ஆட்டோவில் இருந்து இறங்கியவர் முதலில் பார்த்தது மாடிப்படியில் பையனோடு நின்ற எங்களைத்தான். கைநீட்டினார். மகிழன் அலறினான். அப்போது என் கையில் கிண்ணம் இருந்தது, காலையிலிருந்து ஒரு வாய் வாங்காத பிள்ளை, அலறிய வாய் அகலத் திறந்திருந்தது, நான் அதில் ஒரு கவளத்தை வைத்தேன். விழுங்கினான். அவர் எதிரிலேயே, அவர் கையை மடக்குவதற்கு முன்னாலேயே வைத்தேன். அன்றைக்கு அதை ஒரு கெட்ட காரியமாக நான் நினைக்கவே இல்லை. கிண்ணம் காலியானது என்று சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே வருவார். பால் பாக்கெட் எடுக்க, குப்பை போட, அவ்வளவுதான். மகிழன் மொட்டைமாடிக்கு ஓடினால் பூச்சாண்டி, மருந்துக்கு வாய் திறக்காவிட்டால் பூச்சாண்டி, மத்தியானம் தூங்காவிட்டால் பூச்சாண்டி. சொக்குத் தாத்தா எங்கே என்று பையன் ஒருநாளும் கேட்கவில்லை. குழந்தைகளுக்கு நன்றி கிடையாது, அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லவேண்டியதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கீழே மிக்சி ஓடும். அவரால் மெல்ல முடியாது, சோறு, குழம்பு, காய் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துத்தான் குடிக்கிறார் என்று வேலைக்காரம்மா சொன்னாள். ஐயோ பாவம் என்றேன். மறுநாளே மிக்சி சத்தம் வந்ததும் மகிழனிடம், "கேக்குதா? பூச்சாண்டி பல்லைக் கடிக்கிறான்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம். பல்லே இல்லாத மனிதர் பல் கடிக்கிறாராம். மகிழன் கண்கள் விரிந்து, வாய் தானாகத் திறந்தது. அன்றிலிருந்து நானும் அந்த மிக்சி சத்தத்துக்குத் தகுந்தபடி சோறு பிசைய ஆரம்பித்தேன். பையன் எடை கூடியது. டாக்டரம்மா, "நல்லா வளர்க்கிறீங்க" என்றார்.

உள்ளே அழுகை நின்றுவிட்டது. தண்ணீர் மொள்ளும் சத்தம். நல்லது, விளையாட ஆரம்பித்துவிட்டான், பயம் போய்விடும், தானே திறப்பான். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். இன்று காலையில்தான் நீல டிரம்மை விளிம்புவரை பிடித்து வைத்தேன். தட்டு போட்டு மூடினேனா? மூடினேன். இல்லை, துணி அலசும்போது தட்டை எடுத்துச் சுவரோரம் சாய்த்தேன். திருப்பி வைத்தேனா? ஏதோ தரையில் இழுபடுகிற சத்தம் வந்தது. உட்கார்ந்து குளிக்கிற முக்காலி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், அவன் அதை அடுப்படிக்கு இழுத்துவந்து ஏறித்தான் பூஜை மணியை எடுத்தான். "மகி, முக்காலி மேல ஏறாத." பதில் இல்லை. "மகிழா, அம்மா சாக்லேட் வச்சிருக்கேன்." மக் எதிலோ மோதி விழுந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. நான் கேட்டு வாங்கிய அமைதி. இரண்டரை வருஷமாக ஐந்து நிமிஷம் தா என்று யாரிடமெல்லாம் வேண்டியிருப்பேன், இதோ வந்துவிட்டது. தோளைக் கொடுத்துக் கதவை முட்டினேன். ஆனை முட்டினாலும் அசையாத கதவு, சோறு ஒட்டிய தோளுக்கு அசையுமா? பூபதிக்குப் போன் போட்டேன். "டாக்டர் ரூம்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார். அந்த நேரத்தில் என் மனது என்ன செய்தது என்றால், வீடு நிறைய ஆட்கள் வந்திருப்பதைப் பார்த்தது. கூடத்தில் நடுவில் ஒரு சின்னப் பாய். எப்படிம்மா ஆச்சு, நீ எங்கே இருந்தே? சுட்டிப் பையனாச்சே, கண்ணு பட்டிருச்சு. பூபதி சுவரில் சாய்ந்து அழுகிறார், எல்லோரும் அவரைத் தேற்றுகிறார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தூக்கம் வருகிறது, நன்றாக, ஆழமாக, யாரும் எழுப்பாத தூக்கம். அந்த இடத்தில் மனது நின்று, கொஞ்சம் இளைப்பாறியது. இளைப்பாறியது என்றுதான் சொல்லவேண்டும். என்னையே ஓங்கி அறைந்துகொண்டேன், கிண்ணம் கீழே விழுந்து உருண்டது.

குளியலறைக்கு ஒரே ஒரு காற்றுப்போக்கி, உயரத்தில், கொல்லைப் பக்கமாக. மாடியில் இருந்து அதை எட்ட முடியாது. கீழே அவர் கொல்லையில் இரும்பு ஏணி இருக்கிறது, டேங்க் கழுவ வைத்திருப்பது. பக்கத்து வீடுகளில் இந்த நேரத்துக்கு யாரும் இல்லை, எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். இருப்பவர் ஒருவர். பின்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப்பார்த்தேன். அவருடைய அடுப்படி ஜன்னல் எங்கள் காற்றுப்போக்கிக்கு நேர் கீழே இருந்தது. நாலு வருஷமாக இங்கே துணி காயப்போடுகிறேன், இதைப் பார்த்ததே இல்லை. குளியலறையில் பேசினால் அவர் அடுப்படிக்குள் பேசியது மாதிரிதான். ஓடுகிறவனைப் பிடித்து டவலில் துவட்டும்போது மிரட்டியது, தலைக்கு ஊற்றும்போது மிரட்டியது, ஆய் கழுவும்போது மிரட்டியது, எல்லாம் அவர் மிக்சிக்குப் பக்கத்தில் போய் விழுந்திருக்கும். கூப்பிட வாய் திறந்தேன், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மாதக்கணக்காக அவருக்கு என் வாயில் ஒரே பெயர்தான் இருந்தது. பிள்ளை உள்ளே சத்தமில்லாமல் கிடக்கிறது, நான் ஒரு மனிதரின் பெயரைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். அவர் வந்து எட்டிப் பார்த்தால் மகிழன் அலறுவான், பூச்சாண்டி என்பான், அவர் முகத்துக்கு நேரே சொல்வான். அதை அவர் கேட்டுவிடுவாரே என்ற கவலை எனக்கு. அந்தக் கவலை தண்ணீர் டிரம்மை ஒரு கணம் மறைத்தது. "சார்" என்றேன். கம்பிக்கு மேலாகக் குனிந்து மறுபடி கூப்பிட்டேன். "சொக்கலிங்கம் சார், பையன் உள்ள..." கீழே இருந்து, நான் முடிப்பதற்குள், குழறலாக ஒரு குரல் வந்தது. "ஏணி எடுத்தாச்சும்மா. நீங்க கதவுகிட்ட போய் நில்லுங்க."

கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். இரும்பு ஏணி சுவரில் உராய்ந்தது. ஒவ்வொரு படியாக அவர் ஏறுவது கேட்டது, நடுநடுவே மூச்சு வாங்க நின்றார். மேலே காற்றுப்போக்கிக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பிறகு குளியலறைக்குள் அவர் குரல். கெஞ்சுவார் என்று நினைத்தேன், தாத்தா வந்திருக்கேன்டா என்பார் என்று நினைத்தேன். "டேய்" என்றார். அவ்வளவு பெரிய குரலை அந்த வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "டேய், முக்காலியை விட்டு எறங்கு. பூச்சாண்டி இங்க இருக்கேன், பாரு. கதவுகிட்ட இல்ல. ஜன்னல்ல இருக்கேன். கதவைத் தொறந்துக்கிட்டு அம்மாகிட்ட ஓடு. ஓடலேன்னா உள்ள வந்துருவேன்." பிறகு தொண்டையிலிருந்து ஓர் உறுமல், அச்சு அசல் நான் செய்கிற உறுமல். உயிரோடு இருந்தான். அந்த அலறலில்தான் தெரிந்துகொண்டேன், என் பிள்ளை உயிரோடு இருந்தான். ஈரப் பாதங்கள் வழுக்கின, தாழ்ப்பாள் ஒரே இழுப்பில் திறந்தது, என் வயிற்றில் வந்து முட்டினான். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான், டிரவுசரில் சூடாக ஈரம். தூக்கிக்கொண்டு உள்ளே பார்த்தேன். முக்காலி டிரம்மை ஒட்டிக் கிடந்தது, மக் டிரம்முக்குள் அடியில் கிடந்தது, அதை எடுக்கத்தான் எட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். காற்றுப்போக்கியில் அவர் முகம் இன்னும் இருந்தது. துண்டு இல்லாத முகம். என்னையும் பையனையும் ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லக் கீழே இறங்கியது.

மாடிப்படியின் பாதிவரை போனேன். அவர் வாசலில் நின்று துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார், ஏணியின் துரு உள்ளங்கை முழுக்க. மகிழன் என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "சார், ரொம்ப நன்றி சார். நீங்க இல்லைன்னா..." மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. கேட்டால், எதற்கு என்று அவர் கேட்பார், நான் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். "பையன் சொல்றதெல்லாம் நீங்க மனசுல வச்சுக்காதீங்க சார். சின்னப் புள்ள" என்றேன். அந்த நேரத்திலும் பையன் மேல் போட்டேன். அவர் முடிச்சைப் போட்டு முடித்தார். துண்டுக்கு மேலே அந்த ஒரு கண் சிவப்பாகத் திறந்திருந்தது, அது எப்போதும் அப்படித்தான், அதிலிருந்து கோபமா வருத்தமா என்று ஒன்றும் தெரியாது. "அவன் என்னம்மா சொன்னான்? ஒண்ணும் சொல்லலியே" என்றார். பிறகு உள்ளே போகத் திரும்பியவர், "தெனமும் கூப்பிடுறீங்க. இன்னிக்குத்தான் வர முடிஞ்சுது" என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

பையனைத் துவட்டி, வேறு சட்டை போட்டு, தரையில் கிடந்த சோற்றை வழித்து எடுத்து, புதிதாகக் கொஞ்சம் பிசைந்தேன். பசிக்கும் அவனுக்கு. இத்தனை அழுதிருக்கிறான், பசிக்கத்தான் செய்யும். இனிமேல் மிரட்டுவதில்லை என்று பிசையும்போதே முடிவு செய்தேன். காக்கா காட்டி ஊட்டுவேன், கதை சொல்லி ஊட்டுவேன், சாப்பிடாவிட்டால் போகட்டும், ஒருவேளை பட்டினியில் ஒன்றும் ஆகிவிடாது. நாளைக்கு ஒரு டப்பாவில் ரசசாதம் குழைத்து எடுத்துக்கொண்டு கீழே போக வேண்டும், மகியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும், மீசையைத் தொட வைக்க வேண்டும். மனது நாளைக்கு என்றால் எவ்வளவு நல்லதாகிவிடுகிறது. முதல் வாய் வாங்கினான். இரண்டாவதைக் கன்னத்தில் அடக்கினான். உதடு இறுகியது. என்னைப் பார்த்தான், அதே பார்வை, கண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை, அதற்குள் அந்தப் பார்வை. என் நாக்கு தானாகப் புரண்டது. நான் அதைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்துக்கொண்டேன், வலித்தது. கவளத்தை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். அப்போது கீழே மிக்சி ஓட ஆரம்பித்தது. மகிழனின் கண்கள் கதவுக்குப் போய், ஜன்னலுக்குப் போய், என்னிடம் வந்தன. வாயைத் திறந்தான். வைத்தேன். விழுங்கிவிட்டு மறுபடி திறந்தான். ஒரு மனிதருக்கான சோற்றை அரைக்க அவ்வளவு நேரம் ஆகாது. கீழே அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது, நானும் நிறுத்தாமல் ஊட்டிக்கொண்டே இருந்தேன். கிண்ணம் காலியாகி, நான் அதைக் கழுவிக் கவிழ்த்த சத்தம் கேட்ட பிறகுதான் மிக்சி நின்றது.